மேனி நலம் பேணல்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மேனிப் பூச்சைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நகைக்கலாம். உயிர்களை அறுவகையாகப் பகுத்த தொல்காப்பியர், ஓரறிவு உயிர்க்கு உரியதாகக் கூறியது தொட்டுணரும் அறிவையே. அவ்வறிவுக்கு இடமாகிய பொறியைத் தமிழர் 'மெய்' என்று வழங்கினர். அம்மெய்யை இந்நாளில் நம் குடும்பங்கள் பொய்ப் பூச்சுக்களால் வருத்துகின்றன. ஆதலின் இது பற்றிப் பேச யாம் எழுந்தோம்.

சிலருடைய தோல் இயல்பிலேயே மென்மையானது. சோப்புப் பட்டால் எரியும். புதுப் பூச்சுத் தடவினால் சிவக்கும். பனிக்காலத்தில் வறண்டு வெடிக்கும். இதன் காரணத்தை அறிதல் வேண்டும். தோலின் மேலடுக்கு ஒரு மதில் போன்றது. அணுக்கள் செங்கற்கள், அவற்றிடையே உள்ள நெய்ப்பொருள் சாந்து. சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; வெளியிருக்கும் உறுத்து பொருள்கள் உட்புகும். மேலும், தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மையுடையது, பி.எச். அளவில் ஏறக்குறைய 5 ஆகும். வழக்கமான சோப்போ 9 முதல் 10 வரை காரமுடையது. அழுக்கைப் போக்குவதாக எண்ணி நாம் சாந்தையே சுரண்டுகிறோம்.

எனவே மென்மையான தோலுக்கு வேண்டுவது மிகுதியன்று, குறைவே. நாடோறும் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, மெல்லக் கழுவுதல். காரமும் மணமும் இல்லாத கழுவுபொருளைச் சிறிதே கொள்க. கொதிநீர் ஆகாது, வெதுவெதுப்பான நீரே போதும். நாரும் கல்லும் கொண்டு தேய்த்தல் வேண்டா. குளித்தபின் துண்டால் ஒற்றியெடுத்தல் நன்று.

இரண்டாவது, ஈரங் காத்தல். உடல் முற்றும் உலருமுன் மணப்பொருள் சேராத ஈரப்பூச்சைத் தடவுக. வெடித்த கைகால்களுக்கு வாசலினே போதியது. கைகால் வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் உதவும். பருத் தோன்றும் முகத்துக்கு அஃது ஏற்றதன்று.

மூன்றாவது, வெயில் தடுத்தல். குடையும் மேலாடையும் முதற்காப்பு. அதன்மேல் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசலாம். துத்தநாக ஆக்சைடு சேர்ந்தது மென்மையான தோலுக்குப் பெரும்பாலும் பொருந்தும். வெளியில் நெடுநேரம் இருப்போர் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும்.

புதுப்பொருள் எதனையும் உடனே முகத்தில் இடாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில் நாளைக்கு இருமுறையாக ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். எரிச்சலும் சிவப்பும் இல்லையெனின் கொள்ளலாம். ஒருகாலத்தில் ஒன்றையே புதிதாகத் தொடங்குக. இல்லையேல் தீங்கு செய்தது எது என்று அறிய இயலாது.

இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்பதும் பிழை. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலிற் சென்றால் தோல் புண்ணாகிக் கருக்கலாம். ஒட்டுப்பொட்டின் பசையால் சிலர் நெற்றியில் வெண்திட்டுத் தோன்றுவதும் உண்டு.

இனி, இவையனைத்தினும் கொடியது ஒன்று. பெண்ணை 'வெளுப்பாக்க' வேண்டி, கடைக்காரர் தந்த களிம்பைத் திருமணத்துக்குச் சில திங்கள் முன்னரே பூசும் வழக்கம் பரவியுள்ளது. அவற்றுட் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் முகம் வெளுக்கும், பின்னர்த் தோல் மெலியும், செந்நரம்புகள் தெரியும், பருவும் மயிரும் முளைக்கும், நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். இத்தகைய களிம்புகளுட் பதினான்கினை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதித்தது. ஏற்கெனவே பூசி வருவோர் தாமே திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரை அடைதல் நலம்.

ஆயினும் குற்றம் களிம்பின் மேல் மட்டுமோ? 2020-ஆம் ஆண்டில் நாடறிந்த முகப்பூச்சு ஒன்றன் பெயரிலிருந்து, வெண்ணிறத்தைக் குறிக்கும் 'ஃபேர்' என்னும் சொல்லை விற்போரே நீக்கினர். நாமோ வரன் கேட்கையில் 'நல்ல சிவப்பா?' என்று வினவுவதை இன்னும் விட்டோமில்லை. கல்வியும் குணமும் வாய்ந்த பெண், அவ்வொரு வினாவுக்கு அஞ்சித் தன் முகத்தைத் தானே புண்ணாக்கிக் கொள்கிறாள். மாநிறமும் கருநிறமும் நோயல்ல. அவற்றுக்கு மருந்தும் வேண்டுவதில்லை.

ஆகவே, சங்கத்தின் வரன் பதிவேட்டில் நிறத்தைக் குறிக்கும் பத்தியை அடுத்த பொதுக்குழுவிலேயே நீக்கிவிட வேண்டுமென்று நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாய்மார்களே! நும் மக்களுக்குத் தோலை வெளுக்கக் கற்பியாதீர், பேணக் கற்பியுங்கள்.