நாடகக் கல்வியும் சிவகாசியும்



1886-இல் சிவகாசியில் பிறந்த விசுவநாத தாசு, 1940 திசம்பர் 31 இரவு, சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர்நீத்தார். அவர் பாட்டுக்கு அஞ்சி வெள்ளையராட்சி அவரைப் பன்முறை சிறையிலிட்டது. முடிதிருத்துவோர் குடியினர் என்று அவரோடு நடிக்க மறுத்த தமிழரும் இருந்தனர். வெட்கக்கேடு! அவருக்குக் கல்லூரி ஏது? நாடகக் குழுவே பள்ளி; விடியவிடியப் பாடிய ஊர்த்திடலே தேர்வுக்கூடம்.

“அவ்வாறாயின் நடிப்புக்குக் கல்லூரி எதற்கு?” என்பர் சிலர். இக்கேள்வியைச் சிவகாசியார் கேட்கலாகாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, 1923-இல் மீண்டு வந்து இங்கே அதனை நிறுவினர். தீக்குச்சி செய்வதற்கே ஆசானைத் தேடிச் சென்ற ஊரில், மாந்தர் நெஞ்சில் தீமூட்டும் கலைக்கு ஆசான் வேண்டாவோ?

அரங்கக் கலை அயலார் தந்த கொடையுமன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாருங்கள். மலைமூங்கிலைக் கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்கத் தேர்ந்து, இருபத்துநான்கு பெருவிரல் நீளத்தில் கோல் நறுக்கினர். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, தரையினின்று உயரம் 1, மேலுத்தரம்வரை 4 என வரையறுத்தனர். புகவும் வெளியேறவும் இரு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை. தூண்களின் நிழல் அவையிலும் அரங்கிலும் விழாதவாறு விளக்கு வைத்தனர். இன்றைய ஒளியமைப்பாளன் படும் பாடும் இதுவே! இத்துணை நுட்பத்தை எழுதிவைத்த இனம், அதனைப் பாடமாக நடத்த ஏன் இவ்வளவு காலம் தாழ்த்தியது?

பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ எழுதியது 1897-இல். காந்திகிராமத்தில் நாடகப் பட்டறை நடந்ததோ 1977-இல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தோன்றி நாடகத் துறையும் கண்டது. புதுவைப் பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாசு அடிகளின் பெயரையே சூட்டியது. நன்று. ஆயின் வெடி சுற்றும் தாயின் மகன், நடிப்புப் பயில ஊரைவிட்டுத் தஞ்சைக்கோ புதுவைக்கோ செல்ல வேண்டும். வழிச்செலவும் விடுதிச் செலவும் யார் தருவர்? கூலியை நம்பிய வீடு அவனை விடுமா?

விருதுநகரிலும் சிவகாசியிலும் பழம்பெரும் கல்லூரிகள் உள. அவற்றில் மாலை வகுப்பாகவேனும் நாடகம் நடத்தப்படட்டும். ஒலிபெருக்கியில்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலெடுக்கும் முறை, உடலசைவு, ஒப்பனை, ஒளி, அரங்கமைப்பு ஆகியன கற்பிக்கப்படட்டும். திருவிழாக்களில் இரவெல்லாம் பாடிப் பழுத்த முதிய நடிகர்கள், பட்டமில்லையென்று ஒதுக்கப்படாமல் ஆசிரியராக அமர்த்தப்படட்டும். கல்லூரி ஆட்சிக்குழுவில் இருப்போர் இங்கே வந்திருக்கின்றனர். வரும் கல்வியாண்டில் எத்தனை இடம் தருவர் என்பதை அவர்களே எழுந்து சொல்லட்டும்.