இடுப்பு உடைஞ்ச பிறகு இல்ல, அதுக்கு முன்னாடியே கேளுங்க!

(வேப்பம்பட்டு மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியரிங் படிச்சவன், டாக்டர் இல்ல. மருந்து சொல்ல வரல. ஒரு கணக்கு சொல்லிட்டு, மூணு கோரிக்கை வைக்கப் போறேன்.

நம்ம எலும்பு தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதுசா உருவாகும். மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையறதால கரையறது அதிகமாகுது. முதல் சில வருஷம் ரொம்ப வேகமா கரையும். வலியே தெரியாது. பாத்ரூம்ல வழுக்கி கையை ஊனினா மணிக்கட்டு உடையும். குடம் தூக்கினா முதுகெலும்பு நசுங்கும். கூன் விழுந்தா 'வயசாயிடுச்சு'ன்னு விட்டுடுறோம். கடைசியில இடுப்பு உடைஞ்சு படுத்த படுக்கை. இதுதான் எலும்புத் தேய்மானம், ஆஸ்டியோபோரோசிஸ்.

இப்போ கணக்கு. ஆசியப் பெண்களுக்காகவே 2001-ல் உருவாக்கினது. உங்க எடை கிலோவுல, அதுல வயசைக் கழிங்க, 0.2-ஆல் பெருக்குங்க. எடை 48, வயசு 62-ன்னா விடை மைனஸ் 2.8. மைனஸ் 1-க்குக் கீழே போனாலே டாக்டரைப் பாருங்க. மைனஸ் 4-க்குக் கீழேன்னா ஆபத்து அதிகம். இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல, யாருக்கு ஸ்கேன் தேவைன்னு காட்டுற வழி. உறுதி பண்றது டெக்ஸா ஸ்கேன்தான். அதுல டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழேன்னா நோய் இருக்குன்னு அர்த்தம்.

ஸ்கேன் எங்க இருக்கு? 2016-ல் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில தொடங்கின முழு உடல் பரிசோதனையில இது சேர்க்கப்பட்டது. ஆனா 3000 ரூபாய் தொகுப்புல! நூறு நாள் வேலைக்குப் போற அம்மா அந்தப் பணத்துக்கு எங்க போவாங்க?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாக்கறாங்க. எந்த ஆட்சியில வந்தாலும் நல்லது நல்லதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிக்குக் கால்சியம் மாத்திரை தர்றாங்க. அதே பொண்ணு ஐம்பதைத் தாண்டினா அவ எலும்பைப் பத்தி யாரு கேக்கறா?

நம்ம கோரிக்கை மூணு.

📌 ஒண்ணு: பிரஷர் பாக்க வீட்டுக்கு வரும்போதே இந்தக் கணக்கையும் போடணும். 'ஐம்பதுக்கு மேல எலும்பு உடைஞ்சிருக்கா'ன்னும் கேக்கணும்.

📌 ரெண்டு: கீழே விழுந்து எலும்பு உடைஞ்சு வர்ற ஐம்பது வயசு தாண்டின பெண்ணை, கட்டுப் போட்டு மட்டும் அனுப்பக் கூடாது. அடுத்த எலும்பு உடையாம இருக்க சிகிச்சை தொடங்கித்தான் அனுப்பணும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அரசு மருத்துவமனைகள்ல 1999-லயே இதுக்குத் தனி ஏற்பாடு வந்துடுச்சு.

📌 மூணு: ஸ்கேன் மாவட்ட அளவிலேயே கட்டணமில்லாம கிடைக்கணும். நமக்கு 2022-ல் திருவள்ளூர்ல அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான். பிரஷர் மாத்திரை மாதிரி அதுவும் தடையில்லாம கிடைக்கணும்.

டாக்டர் அந்த மாத்திரை எழுதினா ஒண்ணு ஞாபகம் வைங்க. காலையில வெறும் வயித்துல, ஒரு டம்ளர் வெறும் தண்ணியோட. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. இல்லேன்னா உணவுக்குழாய் புண்ணாகும். கிட்னி பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. கால்சியம் மட்டும் போட்டா இந்த நோய்க்குச் சிகிச்சை ஆகிடாது. ஆனா கேழ்வரகு, மோர், கருவாடு, காலை வெயில், தினமும் நடை எல்லாமே எலும்புக்குத் துணை.

குடும்பத்தையே தாங்கின இடுப்பு இது. அது உடையற வரைக்கும் அரசு காத்திருக்கக் கூடாது, நாமளும் காத்திருக்கக் கூடாது.

இன்னைக்கு ராத்திரி உங்க அம்மாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. உங்க தெரு வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.

#எலும்பையும்_கேளுங்க #வேப்பம்பட்டு