மண்ணைப் படித்த மனிதர்

(மார்க்கம் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் அறுபதுகளில் பேராதனைக்குப் போனது. அதன் குடிசார் பொறியியல் துறைக்குப் பேர் தேடித் தந்தவர்களில் ஒருவர் எங்கட பேராசிரியர் அழகையா துரைராஜா. ரொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் ஆகியோருடன் 1963இல் அவர் எழுதிய கட்டுரை, பாரம் ஏற ஏற ஈரக் களிமண் எப்ப விட்டுக்கொடுக்கும் எண்டு கணக்குப் போட வழிகாட்டியது. 1988இலிருந்து 1994 வரை, போருக்குள்ளும் யாழ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து பேராதனை வாசல் எங்கட பெடியளுக்கு ஒடுங்கிப்போச்சு. பிள்ளைகளே, இங்கே உங்களுக்கு வாசல் திறந்திருக்கு. மண் பொறியியல் புத்தகத்தில் அந்தப் பேரைக் கண்டால், தாண்டிப் போகாதேங்கோ. நாங்கள் வெறுங்கையோட வந்த சனம் இல்லை.

புத்தாண்டு வாழ்த்துகள்.