மரக்கால் யார் கையில்?

(தோவாளைத் தாலுகாவில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெல்லாகக் கூலி வாங்கிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். களத்தில் நெல் குவிந்து கிடக்கும். தகராறு நெல்லைப் பற்றியல்ல, மரக்காலைப் பற்றி! அளக்கிற மரக்கால் பண்ணையார் வீட்டு மரக்காலாக இருந்தால், கூலி இத்தனை என்று பேசி முடித்து என்ன பயன்?

இதை மனதில் வைத்துக்கொண்டு முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று நம் பாட்டன் காலத்திலும் வீசியது. 1990க்குப் பிறகுதான் அங்கே காற்றாலைகள் காடு போல முளைத்தன. வாங்கியவர்களில் பலர் மில் முதலாளிகள். மில் தோழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. காற்றின் மேல் அவர்களுக்கு ஏன் திடீர்க் காதல்? யந்திரத்தின் விலையில் நூற்றுக்கு நூறையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்து, வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் சலுகை கொடுத்திருந்தது. நட்டு வைத்ததற்குச் சலுகை; சுற்றியதற்கல்ல!

விளைவு என்ன? நல்ல யந்திரங்களோடு தரம் கெட்டவையும் வந்து சேர்ந்தன. சொன்ன யூனிட் பல இடங்களில் வரவில்லை. வரிச் சட்டமும் மாறியது. 1996க்குப் பின் புதிதாக நடும் வேகம் படுத்துவிட்டது. பழியோ காற்றின் மேல் விழுந்தது!

டென்மார்க்கில் வேறு விதமாகச் செய்தார்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே, அதே டேனியர்கள்தான். 1978ல் ரிஸோ என்ற அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் காற்றாலைப் பரிசோதனை நிலையம் திறந்தார்கள். மறு வருஷம் விலையில் 30 சதவீதம் மானியம் அறிவித்தார்கள். ஆனால் ரிஸோ ஒப்புக்கொண்ட மாடலுக்கு மட்டும்! அங்கே வாங்கியவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் கூட்டாகப் பணம் போட்ட கிராமத்தாரும். அவர்கள் துணிந்து பணம் போட்டதற்கு இந்தப் பரிசோதனையும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 1998ல் சென்னையில் மத்திய சர்க்காரின் காற்றாலை ஸ்தாபனம் அமைந்தது. இன்று அதன் பெயர் தேசியக் காற்றுச் சக்தி நிலையம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில், டேனியர் உதவியோடு அதன் பரிசோதனைக் களம் உருவாயிற்று.

அங்கே செய்வது என்ன? காற்றாலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, வீசிய காற்று எவ்வளவு, கிடைத்த மின்சாரம் எவ்வளவு என்று சராசரி எடுத்துப் பதிகிறார்கள். இந்த வேகம், அந்த வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் போதுமான கணக்குச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகத்தில் நூற்றுக்குப் பத்து பிசகினால் சக்தியில் முப்பத்து மூன்று பிசகும்! பரிசோதனைக் கட்டணத்தைக் கம்பெனி கட்டலாம், கம்பம் கம்பெனியுடையதல்ல.

இது முதலாளி வாங்கும் யந்திரத்தின் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். வரிச் சலுகை யார் பணம்? அது கிடக்கட்டும், நம் வீட்டுக்கு வருவோம்.

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் தின்கிறது. புதுவகை விசிறி 30 வாட் சுமாரில் ஓடுகிறது. தினம் பத்து மணி நேரம் ஓடினால், மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் விலை அதிகம். கூலிக்காரன் கூடுதல் பணம் கொடுக்க எதை நம்புவது? 2023 ஜனவரி முதல் கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த நட்சத்திரமோ கம்பெனி கொண்டுவரும் சோதனை அறிக்கையை வைத்து வழங்கப்படுவது. கடையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிக்கவும் விதியில் இடமிருக்கிறது.

அந்தச் சோதனையை வருஷந்தோறும் நாகர்கோவில் கடைத்தெருவிலும் நடத்து, தேறாத மாடலின் பெயரைத் தமிழில் எழுதிக் கடை வாசலில் ஒட்டு என்று மனுக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துத் தாள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோழர்களே!