குழி தோண்டும் முன் மண்ணைப் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அதை என்னைவிட நல்லாச் சொல்றவங்க இங்க நிறையப் பேர் இருக்காங்க. நான் கடன் வாங்கிக் கட்டின கக்கூஸைப் பத்திச் சொல்றேன். சிரிக்காதீங்க.

நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். ஒரு குடம் தண்ணி கொட்டினா கண் மூடித் திறக்குறதுக்குள்ள மண் குடிச்சிடும். வாக்கப்பட்டு வந்தது விளாத்திகுளம் பக்கம், இந்தக் கரிசல் பூமிக்கு. மண் மாறினதை நான் கால்ல ஒட்டின சகதியில் மட்டும்தான் கண்டேன். மத்ததெல்லாம் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மக பெரியவளாகுறா, இனிமேலும் உடங்காட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தேன். அரசாங்கம் கொடுக்கிற 12,000 ரூபாய் கட்டி முடிச்ச பிறகுதானே வரும். சித்திரை மாசம் வேலை ஆரம்பிச்சோம். கொத்தனார் வெளியூர்க்காரர். குழியைத் தோண்டி ஒரு வாளித் தண்ணியை ஊத்திக் காட்டினார். சர்ருன்னு போயிடுச்சு. "பாருங்கம்மா, மண்ணு என்னமா இழுக்குது"ன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். எங்க அத்தை மட்டும் திண்ணையில் இருந்துக்கிட்டு, "அது மண்ணு இழுக்கல, வெடிப்பு இழுக்குது. ஐப்பசியில ஊத்திப் பாரு"ன்னாங்க. வயசான காலத்துல என்னத்தையோ சொல்றாங்கன்னு விட்டுட்டோம்.

ஐப்பசி அடைமழை வந்தது. கரிசல் தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழையுற வெடிப்பெல்லாம் மழையில் மூடிக்கிச்சு. குழித் தண்ணி எங்கயும் போகல. குளிக்கிற தண்ணியையும் அதிலேயே விட்டிருந்தோம், அது பெரிய தப்பு. கார்த்திகையில் குழி நிறைஞ்சு கோப்பை வழியா எதிர்த்து வந்துடுச்சு. என் மக மறுபடியும் இருட்டுல உடங்காட்டுக்குப் போனா. நான் மாசாமாசம் தவணை மட்டும் கட்டினேன். அந்தத் தவணையை எண்ணி வைக்கும்போது வந்த ஆத்திரத்தை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

மறு வருஷம் திருப்பிச் செஞ்சோம். மேடான இடமாப் பார்த்துக் குழியை அகலமாத் தோண்டி, உறையைச் சுத்தி ஒரு அடி கனத்துக்கு மணலும் உடைச்ச செங்கலும் போட்டோம். தண்ணி சுரக்க அத்தனை பக்கமும் இடம் வேணுமில்லையா. மழைத்தண்ணி உள்ளே இறங்காம உறை வாயைத் தரைக்கு மேல ஏத்திக் கட்டினோம். குளிக்கிற தண்ணி இப்ப வாழைக்குப் போகுது. ரெண்டு மழைக்காலம் பார்த்தாச்சு, ஒரு தொல்லையும் இல்லை.

நீங்க செஞ்சு பார்க்க வேண்டியது சின்ன வேலைதான். குழி வரப்போற இடத்துல ஒரு அடிக்கு ஒரு சின்னக் குழி எடுங்க. சாயங்காலம் தண்ணி ஊத்தி ஊற விடுங்க. கோடைன்னா ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஊத்தணும், வெடிப்பு மூடட்டும். அப்புறம் காலையில் மறுபடி நிறைச்சு, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு வைங்க. எங்க வீட்டுல காலையில் ஊத்தினது பொழுது சாயும்போதும் நின்னுச்சு. எங்க அம்மா வீட்டுத் தேரியில் சீக்கிரமே வத்திடும். அது நல்ல மண்ணுன்னு நினைக்காதீங்க, அங்க வேற ஆபத்து. அவ்வளவு வேகமா இறங்குற அழுக்கு கிணத்துக்கும் போய்ச் சேரும். அந்த மண்ணுல கிணறு, போர் பக்கத்துல குழி போடவே கூடாது. 50 அடியாவது தள்ளிப் போடணும்.

வீட்டுக்கும் இதே கதைதான். எங்க தெருவில் நாலு வருஷத்துக்கு முன்னால கட்டின வீட்டுல ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா விரிசல் ஓடுது. சிமெண்ட் பூசிப் பூசி மறைக்கிறாங்க, மழைக்கு மழை திறக்குது. வாணத்தை மூணடியில் நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துல சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டுவாங்கன்னு அத்தை சொல்வாங்க. கரிசல் ரொம்ப ஆழம்னா, அடி விரிஞ்ச கான்கிரீட் தூண் இறக்கி அது மேல கட்டுற முறை இருக்கு. பொறியாளரைக் கேட்டுச் செய்ங்க. தோண்டின கரிசலையே வாணத்துல திருப்பிக் கொட்டவும் விடாதீங்க. சரளும் மணலும் போட்டு இடிக்கணும்.

தோட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. என் கத்திரிச்செடி கொழுந்தெல்லாம் மஞ்சளாப் போச்சு. யூரியாவை அள்ளிப் போட்டேன், பிரயோஜனம் இல்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தப்புறம்தான் சுண்ணாம்பு அதிகம், இரும்புச்சத்து செடிக்கு ஏறலைன்னு தெரிஞ்சது. மண் எடுக்கும்போது எருக்குழி ஓரம், மரத்தடி, வரப்பு வேண்டாம். நாலஞ்சு இடத்துல அரை அடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அதுல அரைக்கிலோ கொடுத்தாப் போதும்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கோ கக்கூஸுக்கோ கடன் மனு வந்தா, தீர்மானம் போடும் முன்னால ரெண்டு உறுப்பினர் போய்த் தண்ணி ஊத்திப் பார்த்துட்டு வரட்டும். எங்க குழுவில் இப்ப அப்படித்தான் செய்றோம். போன மாசம் ஒரு தங்கச்சி வீட்டுல மூணு நாள் ஊத்திப் பார்த்துட்டு, குழியை அகலமாக்கி மணல் கட்டச் சொன்னோம். அவ வீட்டுக்காரர் முணுமுணுத்தார், பரவாயில்லை. வேலை இன்னும் நடக்குது. பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியிலதான் வீடு, கூட்டம் முடிஞ்சதும் பார்க்கணும்னு நினைக்கிறவங்க என்கூட வாங்க.