டிவியில் வரும் பிள்ளையும் நம்ம வீட்டுப் பிள்ளையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் கடற்கரைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புப் பணம் எண்ணி முடிச்சதும் ஒரு அக்கா மெதுவா சொன்னாங்க: "மேடம், பொண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திடலாம்னு இருக்கேன். ஒரு இடம் வந்திருக்கு. டிவியைப் போட்டாலே பயமா இருக்கு."

பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. "அவ என்னம்மா தப்பு பண்ணினா?" என்று கேட்டேன். அக்கா யோசிச்சாங்க. "அவ ஒண்ணும் பண்ணல. காலம் கெட்டுக் கிடக்கு" என்றார்கள்.

அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு வருஷமாக முத்து முத்தான கையெழுத்து. யார் எழுதினது? அதே பொண்ணுதான். வட்டிக் கணக்கில் 240 ரூபாய் விட்டுப்போனதைக் கண்டுபிடிச்சதும் அவதான். பன்னிரண்டு பேர் பணத்துக்குக் கணக்கு எழுத நம்பின பிள்ளையை, பஸ் ஏறிப் படிச்சிட்டு வர நம்ப முடியலை!

செய்தியில் வர்றது எல்லாம் பொய்னு நான் சொல்லலை. குடி, போன், பைக் எல்லாம் நம்ம ஊரிலும் இருக்கு. (18 வயசு ஆகாத பையன் கையில் வண்டிச் சாவி மட்டும் கொடுக்காதீங்க. 2019 சட்டத் திருத்தப்படி பெத்தவங்களுக்கே 25,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு.) ஆனா பத்து பேர் ஒழுங்கா தவணை கட்டினா யாராவது பேசறாங்களா? ஒருத்தர் கட்டலைன்னா ஊரே பேசும். டிவியும் அப்படித்தான்.

2022-ல் நம்ம மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, ரோடு முழுக்க வேட்டி கட்டின குதிரை பொம்மை 'தம்பி' நின்னாரே, ஞாபகம் இருக்கா? 180 நாடுகளுக்கு மேல் வந்த போட்டி. அதில் வெண்கலம் வாங்கின இந்திய அணியில் ஆடின குகேஷுக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் அப்போ வயசு 16. குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியனே ஆனார்.

"அவங்க பெரிய பிள்ளைங்க, நம்ம பிள்ளைங்களால அது ஆகுமா?" என்பீங்க. சரி, பேர் வராத பிள்ளைங்களைப் பாருங்க. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில், 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளை நாயும் மனுஷனும் எடுக்காமல் காப்பாத்தி, குஞ்சுகளைக் கடலில் விடறாங்க. தூக்கத்தை விட்டு நடக்கிற பிள்ளைங்க. இதுக்குச் சம்பளம் கிடையாது.

சகோதரிகளே, நம்ம கதையையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பிச்சப்போ, "பொம்பளைங்களை நம்பி எப்படிப் பணம் கொடுக்கிறது?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்புறம் என்ன நடந்தது? முதலில் சின்னதாக உள்கடன். ஒழுங்கா கட்டினோம். அப்புறம் பெரிய கடன். அதுக்கப்புறம்தான் பேங்க் மேனேஜர் நாற்காலி போட்டார்.

பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி சின்னச் சின்னதா நம்பிக் கொடுங்க. கரண்ட் பில் கட்டிட்டு வரச் சொல்லுங்க. ரேஷன் வாங்கி வரட்டும், மீதி சில்லறையை அவங்களே எண்ணித் தரட்டும். ஒருமுறை தப்பாச்சுன்னா உட்கார வெச்சுக் கேளுங்க. குழுவில் தவணை தவறினவரை உடனே வெளியே அனுப்பறோமா என்ன?

அந்த அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். பொண்ணுக்கு 18 முடியாமல் கல்யாணம் செய்வது 2006 சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். பிளஸ் டூ முடியட்டும்னு அக்கா சம்மதிச்சிருக்காங்க. வீட்டுக்காரர்தான் இன்னும் பிடி கொடுக்கலை. வர்ற ஞாயிற்றுக்கிழமை குழுத் தலைவியோடு மறுபடி போறேன். பக்கத்துக் குழுவிலிருந்து பெரியவங்க இரண்டு பேர் கூட வந்தால் உதவியா இருக்கும். வர முடிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க.