அந்த ஃபோனுக்கு அந்த விலை தகுமா?

(அறக்கட்டளையின் கல்வி உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நம் கமிட்டிக்கு ஒரு மனு வந்தது. மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்டு ஒரு வாப்பா வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வெளியே எடுத்தார். எழுபதாயிரத்துக்குக் குறையாத ஃபோன். அவர் போன பிறகு ஒரு உறுப்பினர், “இந்த ஃபோன் வைத்திருப்பவருக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்றார். நானும் தலையாட்டினேன். மனுவை நிறுத்தி வைத்தோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஃபோனுக்கு எது நியாயமான விலை என்று யோசித்தேன். அப்போது வெர்ட்டு என்ற ஃபோன் நினைவுக்கு வந்தது. நோக்கியா நிறுவனம் 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆடம்பரப் பிரிவு அது. அதன் முதல் ஃபோன் 2002-ல் வந்தது. திரைக்குக் கண்ணாடி அல்ல, நீலக்கல் படிகம். வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது. பட்டன்களுக்கு அடியில் மாணிக்கக் கற்கள். கையால் கோத்துச் செய்தார்கள். தனியாக ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இரவு பகல் எந்நேரமும் ஓர் உதவியாளர் பேசி, விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் ஏற்பாடு செய்து தருவார்.

2013-ல் அவர்கள் வெளியிட்ட ‘டிஐ’ என்ற ஆண்ட்ராய்டு ஃபோனின் விலை 6,700 பவுண்டு. அதே சமயத்தில் கூகுளின் நெக்சஸ் 4 இங்கிலாந்தில் 239 பவுண்டுக்குக் கிடைத்தது. 28 மடங்கு வித்தியாசம்! ஆனால் உள்ளே வேகமான சிப்பும், தெளிவான திரையும், புதிய ஆண்ட்ராய்டும் இருந்தது விலை குறைந்த ஃபோனில்தான்.

இதை ஏமாற்று வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன். கல் உண்மையான கல். வேலைப்பாடும் உண்மை. வசதியுள்ளவர் ஹலாலான தன் பணத்தில் வாங்கினால் கேட்க நாம் யார்? ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. பாட்டனாரின் கைக்கடிகாரத்தை சர்வீஸ் செய்து பேரன் கட்டிக்கொள்ளலாம். ஃபோன் அப்படியல்ல. கல் தேயாது, சாஃப்ட்வேர் பழசாகிவிடும், நெட்வொர்க்கும் மாறிவிடும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவையையே நிறுத்திவிட்டார்கள். 2ஜி-யில் மட்டும் இயங்கும் ஃபோனில் எத்தனை மாணிக்கம் இருந்தால் என்ன, அங்கே அதில் பேச முடியாது. அதே 2017-ல் அந்த இங்கிலாந்து நிறுவனமும் கடனில் மூழ்கி மூடப்பட்டது. சுமார் 200 பேர் வேலை இழந்தார்கள். ஐம்பது வருடம் உழைக்கும் உடம்புக்குள் ஐந்து வருட உயிர். அந்த உடம்புக்குத்தான் அவ்வளவு விலை கொடுத்தார்கள்.

நம்மில் யாரும் வெர்ட்டு வாங்கப் போவதில்லை. ஆனால் இதே கணக்கு நம் அளவுக்குச் சிறிதாகி நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கேட்டால், “நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியே இல்லை” என்கிறோம். ரசீதைப் படித்துப் பாருங்கள். கிரெடிட் கார்டில் பெரும்பாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை விற்பவர் விலையில் கழித்துக் கொடுக்கிறார். அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். வட்டியே இல்லாத கடன் திட்டம் என்று எதுவும் இல்லை என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டிக்கு அஞ்சும் நாம் இதைப் பார்க்க வேண்டாமா?

மறுநாள் அந்த வாப்பாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய பட்டன் ஃபோன் பழுதாகியிருந்தது. கல்லூரியிலிருந்து அழைப்பு வரலாம் என்று அன்று மகனின் ஃபோனை வாங்கி வந்திருக்கிறார். அதன் விலை அவருக்குத் தெரியாது. மகனுக்குச் சம்பளம் 14,000. மாதத் தவணை 5,800. “ஏன் தம்பி?” என்று கேட்டேன். “சொந்தக்காரர் கல்யாணத்தில் என் பழைய ஃபோனைப் பார்த்துச் சிரித்தார்கள் மாமா” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. சிரித்தது யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்தானே? அவன் கொடுத்த விலையில் பாதி ஃபோனுக்கு. மீதி அந்தச் சிரிப்புக்கு.

அந்தப் பெண்ணின் கட்டணத்தைக் கல்லூரியிலேயே செலுத்திவிட்டோம். தாமதத்துக்கான அபராதத்தையும் நாமே கட்டினோம், தவறு நம்முடையது என்பதால். இனி ஃபோனைப் பார்த்து எந்த மனுவையும் நிறுத்துவதில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்த பிறகே முடிவு என்று கமிட்டி தீர்மானித்துள்ளது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஃபோன் வாங்கப் போகும்போது, யாருமே பார்க்காத இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் இதே விலைக்கு வாங்குவோமா என்று யோசியுங்கள். ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள். அடுத்தவரின் பழைய ஃபோனைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பின் தவணையை ஒரு ஏழை வீடு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறது.